கடற்கரை வீட்டில் வாடகைக்கு ஒரு கிழமை

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுப் போனவர்கள். ஐந்து பேரும் படித்தார்கள், ஐந்து பேரும் உழைத்துச் சாப்பிடுகிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

நடுவில் பிறந்த மகள் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறாள். கபோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. 2002இல் நான் அவளிடம் வந்து சேர்ந்தேன். அவள் லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது ஒரு இத்தாலிய அம்மா வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். கணவனை இழந்த பெரிய மனுசி அந்த சிஞ்ஞோரா. பட்டணத்து வீட்டைத் தவிர, ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற கடற்கரையில் அவருக்கு இன்னொரு வீடும் இருந்தது. கோடையில் அதை வெளிநாட்டுக் குடும்பங்களுக்குக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு விடுவார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் போகும், பின்னேரம் மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் வரும். இடையில் உள்ள ஐந்து மணித்தியாலத்தில் வீட்டைப் புதிதாக்க வேண்டும். அந்த ஆவணியில் மகளுக்கு வயிற்றில் பிள்ளை. குனிய முடியவில்லை. ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் என்று அவளுக்குப் பதிலாக நான் போனேன். போனது போனதுதான், பிறகு ஒவ்வொரு கோடையும் போனேன்.

அந்த வீடு பெரிய றோட்டிலிருந்து தள்ளி, இரண்டு பக்கமும் நாகதாளி வளர்ந்த மண்பாதையின் முடிவில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது. முன்னால் கல்லுக்கரை, அதற்கு முன்னால் கடல். நாலு அறை, எட்டுக் கட்டில், சமைக்க ஒரு பெரிய குசினி. கைத்தொலைபேசி வேலை செய்யாது. தண்ணீர் நிலத்தடித் தொட்டியிலிருந்து மோட்டரில் ஏறும். மோட்டர் சில நேரம் பிடிவாதம் பிடிக்கும், அதற்கு ஒரு முறை இருக்கிறது. தெற்குக் காற்று அடித்த கிழமையில் ஆபிரிக்கா மண் முழுவதும் யன்னல் சட்டத்தில் வந்து படிந்திருக்கும். அதை ஈரத் துணியால் தொட்டால் சேறாகும். முதலில் காய்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். சிஞ்ஞோராவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

என்னோடு வேலை செய்தவள் ஒரு மொரிசியஸ்காரி. ஐம்பது வயது. பெயர் தமிழ்ப் பெயர், கோயில் விரதம் எல்லாம் நம்மைப் போல, ஆனால் தமிழ் வராது. ‘அக்கா’ என்ற ஒரு சொல் மட்டும் வரும். நாங்கள் கதைத்தது இத்தாலிய மொழியில். எனக்கு அது அரைகுறை, அவளுக்கு நல்லாக வரும். விரிப்புகளை நாலு மூலையும் சேர்த்து மூட்டை கட்டுவது அவள். நிலம் என்னுடையது. நான் துடைத்த நிலத்தில் வேறு ஒருவர் கை வைக்க விடமாட்டேன்.

இந்த வேலையைப் பற்றி மூத்த மகனுக்குச் சொல்லவில்லை. அவன் கனடாவில் கணக்காளர். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசி எடுப்பான். என்ன செய்கிறீர்கள் என்று கேட்பான். சும்மா இருக்கிறேன் என்பேன். அவனுக்குச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பதினாறு வயதில் படிப்பை விடப் போகிறேன் என்று அவன் நின்றபோது, படிக்காவிட்டால் அடுத்தவன் வீட்டு நிலம் துடைத்துத்தான் சாப்பிடுவாய் என்று முற்றத்தில் வைத்து, நாலு பேர் கேட்கச் சொன்னவள் நான். அவன் அதற்குப் பயந்து படித்தான். மனைவி பக்கத்துச் சனத்திடமும், என்னுடைய அம்மா இந்த வயதில் ஒரு துரும்பைத் தூக்கிப் போடத் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தான். நான் போய் ஈரத் துணியோடு நின்றால் அந்தச் சொல் என்ன ஆவது?

2007இல் ஐந்து பேரும் ஒரு இடத்தில் கூட வேண்டும் என்று பேச்சு வந்தது. இளைய மகன் ஜெர்மனியில், தங்கையின் பெண்கள் இரண்டு பேரும் லண்டனில். எல்லாரும் கடைசியாக ஒன்றாய் இருந்து பதினான்கு வருசம். நான் பிரயாணம் செய்ய முடியாது, என்னுடைய தங்கும் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கக் கொடுத்து எட்டு மாதமாகியும் வரவில்லை. ஆகவே அவர்கள்தான் பலெர்மோ வர வேண்டும். இரண்டு அறையில் பதினாறு பேரை எங்கே படுக்க வைப்பது? ஹோட்டல் பார்ப்போம் என்றாள் மகள். ஹோட்டலில் சமைக்க முடியாது, நாலு கதவுக்குப் பின்னால் நாலு குடும்பம் கிடக்கும். எனக்குத் தெரிந்த பெரிய வீடு ஒன்றுதான்.

சிஞ்ஞோராவிடம் நானே போய்க் கேட்டேன். அவர் நல்ல மனுசி. புரட்டாதியில் கடைசிக் கிழமை வீடு சும்மாதான் கிடக்கிறது, போய் இருங்கள், வாடகை வேண்டாம், திரைச்சீலைகளை மட்டும் ஒரு தரம் கழுவிப் போட்டுவிடு என்றார். நான் முடியாது என்றேன். மற்றக் குடும்பங்கள் கொடுக்கிற வாடகையை நானும் கொடுப்பேன், அந்தக் கிழமை நான் ஒரு துணியையும் தொடமாட்டேன், கடைசிச் சனிக்கிழமை மொரிசியஸ்காரி தனியாக வரட்டும் என்றேன். அவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. காசை விட மற்ற இரண்டும்தான் அவரைத் தொட்டது என்று நினைக்கிறேன். பிறகு, அப்படியானால் வாடகைக்காரருக்குச் செய்கிற எல்லாவற்றையும் உனக்கும் செய்ய வேண்டும் என்றார்.

சொன்னபடி செய்தார். அந்தச் சனிக்கிழமை வாசலில் நின்று கை கொடுத்தார். எப்போதும் நீ என்கிறவர் அன்று மரியாதையாகக் கதைத்தார். அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய், இது சுடுதண்ணீர்க் குழாய், இது தட்டு அலுமாரி, மோட்டர் நின்றால் இந்த ஆணியைத் தட்டவும் என்று காட்டினார். அந்த ஆணியைக் கண்டுபிடித்தவள் நான். ஓம், ஓம் என்று தலையாட்டிக் கேட்டேன். கடைசியில் வாசல் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். அதே திறப்பு. எத்தனையோ சனிக்கிழமை அதைப் பிடித்திருக்கிறேன், அன்றைக்கு அதன் பாரம் வேறு.

பிள்ளைகள் வந்து இறங்கியதும் எனக்குத் தொல்லை தொடங்கியது. பேத்திக்கு அப்போது ஒன்பது வயது, என்னோடு இரண்டு தரம் அந்த வீட்டுக்கு வந்தவள். மாமாவுக்கு முன்னால் இதைக் கதைக்கக்கூடாது என்று தாய் சொல்லி வைத்திருந்தாள்.

“அது புஜீயா எல்லோ, அம்மம்மா?” என்று கேட்டாள். புஜீயா என்றால் பொய்.

“பொய் இல்லைப் பிள்ளை. சொல்லாமல் விடுறது.”

“இஸ்கூல்லை அதுக்கும் புஜீயா எண்டுதான் சொல்லுவினம்.”

நான் அவளுடைய பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினேன்.

தெரிந்த வீட்டில் தெரியாதவளாக இருப்பது லேசில்லை. இருட்டிலும் கை தானாக விளக்கு விசைக்குப் போகும், அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். கோப்பிப் பானையை மருமகள் அலுமாரி அலுமாரியாகத் தேடினாள், அது அடுப்புக்குக் கீழ்ப் பெட்டியில் இருந்தது. நான் கதிரையில் இருந்து பார்த்தேன். மகன் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பை வாசித்து, மோட்டரைப் பற்றி எனக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினான். நான் இரண்டு தரமும் கேட்டேன். அந்தக் கட்டில்களை எத்தனை தரம் விரித்திருப்பேன், ஒரு நாளும் அதில் சரிந்ததில்லை. படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கட்டிலில் கிடந்தால் யன்னலில் கடல் தெரியாது, வெறும் வானமும் அத்தி மரத்தின் ஒரு கிளையும்தான். நின்று வேலை செய்கிறவளுக்குத்தான் கடல் தெரியும்.

மற்றபடி நல்ல கிழமை. காலையில் எல்லாரும் கல்லுக்கரையில் கால் நோக நடந்து தண்ணீரில் இறங்குவார்கள். இளைய மகன் கபோவிலிருந்து வாள்மீன் துண்டமாக வாங்கி வந்தான், நான் புளி விட்டுக் காய்ச்சினேன். லண்டன் பெண்கள் இரண்டு பேரும் என் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். பதினாறு தட்டும் ஒன்றாக மேசையில் இருந்தன. மேசைக்குத் தலைமாட்டில் நான் இருந்தேன். அதற்காகத்தான் வாடகை கொடுத்தேன், அது கிடைத்தது.

ஒன்று மட்டும் குத்தியது. மூன்றாம் நாள் மூத்தவன் உயரமான அலுமாரியில் சூட்கேசை ஏற்றியபோது விரலில் தூசி ஒட்டியது. விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான்.

“இவ்வளவு வாடகை வாங்குகினம், மேலை ஒருக்காத் துடைக்கேல்லை. வேலைக்காரி பேய்க்காட்டியிருக்கிறாள்.”

“அவளுக்கு எட்டியிராது” என்றேன்.

“கதிரை இருக்குத்தானே, அம்மா.”

மகள் குசினிக்குள் போய்விட்டாள், சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அடுத்த நாள் எல்லாரும் கடலில் நின்ற நேரம் கதிரையில் ஏறி நாலு அலுமாரியின் மேற்பக்கமும் துடைத்தேன். துணியைத் தொடமாட்டேன் என்று சிஞ்ஞோராவுக்குச் சொன்ன சொல் அதோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்காரனும் லண்டன்காரிகளும் போனார்கள். மகள் குடும்பமும் பலெர்மோவுக்குத் திரும்பியது, மருமகனுக்குச் சனிக்கிழமை வேலை. மூத்தவனும் மனைவி பிள்ளைகளும் சனிக்கிழமை ஒரு மணி விமானத்துக்குப் போக வேண்டும். அவன் ஒரு வானை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். வழியில் உங்களை இறக்கிவிடுகிறேன், ஏறுங்கள் அம்மா என்றான். அடுத்து வருகிறவர்களின் கையில் திறப்பைக் கொடுக்க வேண்டும், சிஞ்ஞோரா வந்து என்னைக் கூட்டிப் போவார் என்றேன். திறப்பு உண்மை. ஆனால் நிலத்தை மொரிசியஸ்காரி எப்படித் துடைக்கிறாள் என்று பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை, அதுதான் முழு உண்மை. ஒன்பது மணிக்கு வான் மண்பாதையில் ஏறி மறைந்தது. நான் அழவில்லை. வான் கண்ணுக்குத் தெரியும்வரை கை காட்டிக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்கு மொரிசியஸ்காரி வாளியோடு வந்தாள். என்னைக் கதிரையில் கண்டதும் குனிந்து கும்பிட்டு, “சிஞ்ஞோரா, காலைத் தூக்குங்கோ, கூட்ட வேணும்” என்றாள். நான் சிரித்தேன், ஆனால் தும்புத்தடியை வாங்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

நம்மவர்களுக்குத் தெரியும். பிரயாணம் போனவர்களின் கால் வாசலைத் தாண்டின கையோடு வீடு கூட்டுவதில்லை. பிணம் எடுத்த வீட்டைத்தான், போனவர் திரும்பி வரக்கூடாது என்று, உடனே கூட்டுவார்கள். முன்பின் தெரியாத வாடகைக்காரர் போன சனிக்கிழமைகளிலும் நான் அரை மணித்தியாலம் படியில் இருந்துவிட்டுத்தான் தொடங்குவேன். அவர்கள் பெரிய றோட்டைப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்த பிறகு. அவளுடைய தாயும் இதே பழக்கம் உள்ளவளாம், அதனால் ஒருநாளும் அவள் மறுத்ததில்லை. ஆனால் இன்று போனது என் மகன். விமானம் எழும்பும் வரை கூட்டக்கூடாது என்றேன்.

“வேறை ஆக்களுக்கு அரை மணித்தியாலம், உன்ரை மகனுக்கு நாலு மணித்தியாலமோ அக்கா? மூண்டு மணிக்குச் சனம் வருது.”

“நீ கட்டிலைப் பார். குளியலறையைப் பார். நிலம் இருக்கட்டும்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டு கட்டில்களைப் பார்த்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணியாயிற்று. இன்னும் ஒரு கால் மணி விட்டேன். பிறகு எழும்பினேன். நாலு அறை, குசினி, முன் விறாந்தை. பதினாறு பேர் ஒரு கிழமை கொண்டு வந்து போட்ட மண். ஒருத்தியால் முடியாது. சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத் தொடங்கினேன். அவள் பின்னால் நின்று வாளியை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

இரண்டு மணிக்குக் குசினியில் முழங்காலில் இருந்து மூலை துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. மூத்தவன் நின்றான்.

விமான நிலையத்தில் வேலைநிறுத்தமாம். விமானம் அடுத்த நாளைக்கு மாறிவிட்டது. மனைவி பிள்ளைகளை என் மகள் வீட்டில் விட்டுவிட்டு, இங்கே தொலைபேசி வேலை செய்யாது என்பதால், என்னை ஏற்றிப் போகத் தானே வந்திருக்கிறான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் அவன் என்னையும் துணியையும் பார்த்தான். பிறகு மொரிசியஸ்காரியைப் பார்த்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள், நான் நிலத்தில் இருந்தேன். அவனுக்கு ஒன்றுதான் விளங்கியிருக்கும். ஆங்கிலத்தில் அவளை ஏசத் தொடங்கினான். எனக்கு முழுக்க விளங்காது. என்னுடைய தாய், வாடகை கொடுத்தவர், உனக்கு வெட்கமில்லையா, அந்த மாதிரி. அவளுக்கு ஆங்கிலம் நல்லாகத் தெரியும். மகனுக்கு நான் மறைத்த கதையும் தெரியும். என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு எழும்பியிருந்தால் விசயம் அதோடு முடிந்திருக்கும். அவனே எனக்கு ஒரு பொய்யைத் தயாராக்கிக் கொடுத்துவிட்டான். ஆனால் அவள் அதைத் தலையில் தாங்கிக்கொண்டு நிற்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

“மோனை, அவவைப் பேசாதை. இது என்ரை வேலை” என்றேன்.

“என்ன வேலை?”

“இந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிறது. கோடையிலை ஒவ்வொரு சனியும்.”

“எப்ப தொடக்கம்?”

“வந்த வருசம் தொடக்கம்.”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறனான். சும்மா இருக்கிறன் எண்டு சொல்லுறியள்.”

“ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறனான்.”

அவன் சிரிக்கவில்லை. நான் அனுப்புகிற காசு காணாதா என்று கேட்டான். காணும் என்றேன். பின்னே ஏன் என்றான். கை கால் இருக்கிறது, வேலை இருந்தது, செய்தேன். அதைவிட வேறு இல்லை.

“நான் துடைச்ச வீட்டிலை இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. நீ ஒருத்தன்தான் விரலைத் தூக்கிக் காட்டினனீ” என்று மட்டும் சொன்னேன்.

அவனுடைய முகம் சிவந்தது. மொரிசியஸ்காரிக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் நிலைமை விளங்கியிருக்க வேண்டும். இத்தாலிய மொழியில் எனக்கு மெதுவாகச் சொன்னாள்: “கன நேரம் காத்திருந்திட்டாய் அக்கா. வெள்ளெனக் கூட்டியிருந்தால் இவன் திரும்பி வந்திருக்க மாட்டான்.” எனக்குச் சிரிப்பு வந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

அவன் சப்பாத்தைக் கழற்றினான். ஈர நிலத்தில் கால் வைக்காமல் சுவரோரமாக வந்து, கட்டி வைத்திருந்த குப்பைப் பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மண்பாதை முனையில் இருக்கிற தொட்டிக்குப் போனான். உதவியாகச் செய்தானோ, என் முன்னால் நிற்கப் பிடிக்காமல் செய்தானோ தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மூன்று மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது விறாந்தையை முடித்தேன். புதுக் குடும்பம் வந்தது, பிரான்ஸ்காரர், இரண்டு சின்னப் பிள்ளைகள். சிஞ்ஞோரா வராத சனிக்கிழமைகளில் செய்வதுபோல், கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றுத் திறப்பைக் கொடுத்தேன். அவன் வானுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பலெர்மோ வரும் வரை அவன் றோட்டையே பார்த்து ஓட்டினான். மகள் வீட்டில் மருமகள் கதவைத் திறந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முன் அவன் முந்திக்கொண்டான்.

“சிஞ்ஞோரா வரப் பிந்திப் போட்டுது. அம்மா திறப்போடை பாத்துக்கொண்டு இருந்தவ.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணி கேட்டேன்.

என்னுடைய பொய்யை அவன் எடுத்துக்கொண்டான். எனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்திருப்பான். ஐந்து வருசம் நான் சொன்னபோது அது எனக்கு ஒரு சின்ன மறைப்பாகத்தான் இருந்தது. அவன் வாயில் கேட்டபோதுதான் அதற்குள் ஒரு வெட்கம் இருப்பது தெரிந்தது. நான் செய்த வேலையில் வெட்கம் இல்லை. அன்றைக்கே எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாம். அவன் அடுத்த நாள் பிரயாணம் போகிறவன், மனைவிக்கு முன்னால் அவனைப் பொய்யனாக்க வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டு வருசம் போய்விட்டது. இன்னும் இரண்டு கோடை அந்த வீட்டைக் கூட்டினேன். இந்த வருசக் கோடையோடு முழங்கால் மறுத்துவிட்டது, நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்பதில்லை. “சும்மாதானே இருக்கிறியள்” என்று தானே சொல்லி முடித்துவிடுகிறான். பக்கத்தில் மனைவி இருப்பாள் என்று குரலில் தெரியும்.

அதனால் எழுதி வைக்கிறேன். அந்த வீட்டை நான் கூட்டினேன். அந்த வீட்டை நான் வாடகைக்கும் எடுத்தேன். இரண்டையும் செய்தவள் ஒருத்திதான், இரண்டும் என்னுடைய கணக்கில்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பேத்தியைக் கூப்பிட்டேன். பதினொரு வயது, தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள்.

“இஞ்சை வா பிள்ளை, பக்கத்திலை இரு. முதல்லை இருந்து வாசி, பிழை இருந்தால் சொல்லு. நாளைக்கு மாமா எடுக்கேக்கை மாமியையும் கேக்கச் சொல்லி, போனை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வைச்சு நீதான் வாசிக்கப் போறாய். குப்பைப் பை தூக்கின இடத்திலை அவசரப்படாதை. நான் முழங்காலிலை இருந்த இடத்திலை குரலைக் குறைக்காதை. ம், வாசி.”